ஆலைச் சங்கு அடங்கிய பின்

மும்பை லால்பாகில், நூறாண்டு பழைமையான ஒரு 'சால்' குடியிருப்பின் இரண்டாம் மாடி நடையில், எழுபது வயதைக் கடந்த ஒருவர் நாள்தோறும் காலை ஏழு மணிக்கு முன்பே முகம் மழித்து, சட்டை அணிந்து வந்து அமர்கிறார். அவருக்குப் போகவேண்டிய இடம் எதுவுமில்லை. பரேலில் அவர் நெசவாளராக இருந்த ஆலையில் முதல் ஷிப்ட் ஏழு மணிக்குத் தொடங்கும். அந்த ஆலையின் சங்கு ஒலித்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சங்கு அடங்கிவிட்டது, அதற்குப் பழகிய உடல் அடங்கவில்லை.

அவருடைய பேத்தி, பழைய ஆலை நிலமொன்றில் எழுந்த கண்ணாடிக் கட்டடத்தில் பணிபுரிகிறாள். வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்பும் புகார்களுக்கு எழுத்திலேயே மறுமொழி தருவது அவள் வேலை. அந்த மறுமொழிகளை எழுதும் மென்பொருள் ஒன்று சென்ற ஆண்டு வந்தது. தொடக்கத்தில் அது வரைவு எழுதித் தந்தது, அவள் திருத்தினாள். பிறகு திருத்துவதற்கான தேவையும் குறைந்தது. பன்னிரண்டு பேர் இருந்த குழுவில் இப்போது ஐவர் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தாத்தாவிடம் கேட்டாள்: "ஆஜோபா, ஆலை நின்றபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?" கடனைப் பற்றியோ, கொங்கணத்து ஊருக்குத் திரும்பியதைப் பற்றியோ சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் சொன்னது வேறு: "முதல் மாதம் நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை."

பெரும்பாலான வேலைகளை இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால் சமூகம் எவ்வாறு தழைக்கும் என்பது, கருத்தரங்குகளில் எதிர்காலத்தைப் பற்றிய வினாவாகவே எழுப்பப்படுகிறது. எத்தனை வேலைகள் போகும், எத்தனை புதிதாய் வரும், எந்த ஆண்டுக்குள் என்னும் கணக்குகளிலேயே விவாதம் சுழல்கிறது. ஆனால் சில ஊர்களுக்கு அந்த எதிர்காலம் ஏற்கெனவே ஒருமுறை வந்து போயிருக்கிறது. மும்பையின் ஆலைப் பகுதி அவற்றில் ஒன்று. ஊகங்களைப் புரட்டுவதைக் காட்டிலும் அந்தத் தெருக்களைப் புரட்டிப் பார்ப்பதே நமக்குப் பயன் தரக்கூடும்.

1850களின் நடுவில் முதல் பருத்தி ஆலை தோன்றியது முதல், பரேல், லால்பாக், சேவ்ரி, வொர்லி எனப் பரந்த அந்த நிலப்பகுதி 'கிரண்காவ்' என்று பெயர் பெற்றது. மராத்தியில் ஆலையூர் என்று பொருள். ரத்னாகிரி, சாத்தாரா மாவட்டங்களிலிருந்து வந்த ஆண்கள், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ஓர் அறையைப் பலராகப் பகிர்ந்து வாழ்ந்தார்கள். ஒரு ஷிப்ட் முடித்து வருபவர் படுக்க, அடுத்த ஷிப்டுக்குப் போகிறவர் பாயை விட்டு எழுவார். 1982 ஜனவரி 18 அன்று, தத்தா சாமந்தின் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊதிய உயர்வும், 'பத்லி' எனப்பட்ட மாற்றாள் தொழிலாளர்களுக்கு நிரந்தரப் பணியும் அவர்களுடைய கோரிக்கைகளில் முதன்மையானவை. அந்த வேலைநிறுத்தம் முறைப்படி இன்றுவரை முடித்துவைக்கப்படவில்லை. அது வெல்லவுமில்லை, திரும்பப் பெறப்படவுமில்லை, கரைந்துபோயிற்று.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிரண்காவின் வேலைகளைக் கொண்டுசென்றது தானியங்கி இயந்திரம் அன்று. ஆலைகள் நெய்த துணியை, நகருக்கு வெளியே பிவண்டியின் விசைத்தறிக் கூடங்கள் குறைந்த கூலிக்கும் நீண்ட வேலைநேரத்துக்கும் நெய்து தந்தன. ஆலைகளில் பலவும் புதுப்பிக்கப்படாமல் பழைய இயந்திரங்களோடு நலிந்திருந்தன. ஆயினும் லால்பாகின் நெசவாளர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், நிகழ்ந்தது இன்று அவருடைய பேத்திக்கு நிகழ்வதே. அவர் கையை எடுத்த பிறகும் கடைகளில் துணிக்குப் பஞ்சம் வரவில்லை. "நாங்கள் நிறுத்தினால் உற்பத்தி நிற்கும்" என்னும் ஒரே நம்பிக்கையின்மீது நிற்பது வேலைநிறுத்தம். தொழிலாளியின்றியும் பொருள் வரும் என்றானபோது அந்தக் கருவி கையிலேயே மழுங்கிவிட்டது. ஊதியம் போனதற்கு முன்பே அவருடைய குரலுக்கு இருந்த எடை போய்விட்டது.

தானியக்கத்தைப் பற்றிய பேச்சில் போதிய கவனம் பெறாத செய்தி இதுவே. வேலை என்பது வருமானம் தரும் வழி மட்டுமன்று. மறுக்கும் உரிமையும் அதனுள் பொதிந்திருக்கிறது. எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, பேறுகால விடுப்பு, ஓய்வூதியம் என இன்று நாம் இயல்பெனக் கருதுபவற்றுள் பலவும், உழைப்பு தேவைப்பட்ட காலத்தில் உழைப்பவர்கள் கேட்டுப் பெற்றவை. எவருடைய உழைப்பும் தேவைப்படாத ஒரு காலத்தில், எதைக் காட்டி எவர் எதைக் கேட்பார்?

கிரண்காவின் பிற்கால வரலாறு இவ்வினாவுக்கு ஒரு கடுமையான விடையைத் தருகிறது. ஆலைகள் ஓய்ந்த பிறகு அவற்றின் அடியிலிருந்த நிலம் விழித்துக்கொண்டது. நகரின் நடுவில், அறுநூறு ஏக்கர் அளவில் பரந்திருந்த நிலம் அது. துணி நெய்து ஈட்டியதைக் காட்டிலும் பன்மடங்கை, நெய்யாமல் விற்று ஈட்டலாம் என்ற நிலை உருவாயிற்று. 1991இல் வந்த நகர வளர்ச்சி விதி, ஆலை நிலத்தை விற்கவோ மாற்றிக் கட்டவோ முனைந்தால், அதில் மூன்றில் ஒரு பங்கைப் பூங்கா முதலிய பொதுவெளிக்கும், இன்னொரு பங்கைப் பொது வீட்டுவசதிக்கும் தரவேண்டும் என்றது. காகிதத்திலேனும் அது நல்ல ஏற்பாடு. நிலத்தின் மதிப்பை உயர்த்தியது அதன் உரிமையாளர் மட்டுமல்லர், அந்நகரை நூறாண்டுகளாக உழைத்துக் கட்டிய மக்களும்தான் என்ற ஒப்புதல் அதில் இருந்தது. 2001இல் விதி திருத்தப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு என்பது, ஆலையின் முழு நிலத்துக்கும் பொருந்தாமல், கட்டடமின்றிக் காலியாகக் கிடக்கும் பகுதிக்கு மட்டும் பொருந்துவதாயிற்று. ஆலை வளாகங்களில் பெரும்பகுதி கட்டடங்களே. ஆகவே பொதுப்பங்கு சுருங்கியது. வழக்கு உயர் நீதிமன்றத்தில் ஒருவாறும், 2006இல் உச்ச நீதிமன்றத்தில் வேறொருவாறும் தீர்ந்து, திருத்தம் நிலைபெற்றது. பிற்காலத்தில் வீடு கேட்டு விண்ணப்பித்த ஆலைத் தொழிலாளர்களும் அவர்களின் வாரிசுகளும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள். குலுக்கலில் வீடு பெற்றவர்கள் அவர்களில் ஒரு சிறு பகுதியினரே.

அந்த முதியவரும் விண்ணப்பித்தார். அவருடைய எண் வரவில்லை. அதைப் பற்றிப் பேசும்போது அவர் எவர்மீதும் சினம் கொள்வதில்லை. "தறி ஓடியபோது நாங்கள் கூலியைக் கேட்டோம், போனஸைக் கேட்டோம். நிலத்தில் எங்களுக்கும் பங்கு உண்டென்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றியபோது தறி இல்லை" என்று மட்டும் சொல்வார். தேவைப்படும் காலத்தில் கேட்பது பேரம். தேவை தீர்ந்த பிறகு கேட்பது மனு. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கிரண்காவ் இருபது ஆண்டுகளில் நடந்து கடந்தது.

உலகின் இன்னொரு மூலையில் காலத்தே கேட்ட ஓர் ஊரும் உண்டு. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் எண்ணெய் வருவாய் பெருகத் தொடங்கிய வேளையில், 1976இல், மாநில அரசியலமைப்பைத் திருத்தி அவ்வருவாயில் ஒரு பகுதியை நிலையான நிதியமாக ஒதுக்கினார்கள். அந்நிதியத்தின் ஈட்டத்திலிருந்து குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 1982இல் முதன்முறையாக ஆயிரம் டாலர் பங்காக வழங்கப்பட்டது. பம்பாயின் தறிகள் நின்ற அதே ஆண்டு. அது ஏழைகளுக்கு இரங்கி அளித்த உதவித்தொகையாகக் கொடுக்கப்படவில்லை. மண்ணுக்கு உரியவர்களுக்கான பங்காகக் கொடுக்கப்பட்டது. செல்வம் வரும்போதே விதி எழுதப்பட்டதால், பின்னர் எவரும் மனு எழுத வேண்டியிருக்கவில்லை.

பங்கு கிடைத்துவிட்டால் போதுமா? வயிறு நிறைந்து, நேரமும் நிறைந்துவிட்டால் மனிதர் தழைத்துவிடுவார்களா? பொருளியலாளர் கெய்ன்ஸ் 1930இல் எழுதிய ஒரு கட்டுரையில், நூறாண்டுகளுக்குள் வளர்ந்த நாடுகளின் வாழ்க்கைத்தரம் நான்கு முதல் எட்டு மடங்கு உயரும் என்றும், வாரத்துக்குப் பதினைந்து மணி நேர வேலை போதுமானதாகும் என்றும் கணித்தார். தமிழகத்தில் பெரியாரும் 'இனிவரும் உலகம்' என்னும் தம் உரையில், இயந்திரங்களின் பெருக்கத்தால் மனிதரின் பாடு பெரிதும் குறைந்துவிடும் ஒரு காலத்தை அச்சமின்றி வரவேற்றார். கெய்ன்ஸின் முதற்கணிப்பு பெரும்பாலும் பலித்தது. இரண்டாவது பலிக்கவில்லை. உற்பத்தித்திறன் பெருகிற்று, அது ஓய்வாக எல்லோருக்கும் பிரித்துத் தரப்படவில்லை. சிலருக்கு அளவற்ற வேலை, சிலருக்கு வேலையே இல்லை என்று அது பிரிந்தது.

வேலையற்றவரின் நேரம் எத்தகையது என்பதை மிக நுட்பமாகப் பதிவுசெய்த ஆய்வு, ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியென்டால் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. ஊரையே தாங்கிநின்ற நெசவாலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மரி யஹோதா, பால் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் ட்சைசெல் ஆகியோரின் ஆய்வு 1933இல் நூலானது. வேலையற்ற மக்கள் கொதித்தெழுவார்கள் என்றோ, கிடைத்த நேரத்தில் படிப்பார்கள் என்றோ எவரேனும் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். தொழிலாளர் நூலகத்தில் கட்டணம் நீக்கப்பட்ட பிறகும், நூல்களை எடுத்துச் செல்வது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக் கூடக் கணக்கெடுத்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலராலும் சொல்ல முடியவில்லை. அரசு தந்த உதவித்தொகையும் அவர்களைக் கட்டிப்போட்டது. அதைப் பெறுபவர் சிறு கூலிவேலை எதையேனும் செய்தால் தொகை நின்றுவிடும். சும்மா இருப்பதற்கே பணம் என்று விதி எழுதப்பட்டிருந்தது. மக்கள் அவ்விதிக்கு ஏற்பவே ஆனார்கள்.

பெண்களின் நடை மட்டும் தளரவில்லை. அவர்களுக்குச் சமையல் இருந்தது, கிழிந்ததைத் தைப்பது இருந்தது, குழந்தைகள் இருந்தார்கள். ஊதியம் போயிற்றே தவிர, அவர்களுக்கு வேலை போகவில்லை என்று அந்த ஆய்வாளர்களே கண்டார்கள்.

கிரண்காவிலும் அப்படியே. தனியாக வாழ்ந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு உணவளித்தவை 'காணாவள்' எனப்பட்ட வீட்டு உணவகங்கள். ஓர் அறை வீட்டில், ஒரு பெண் இருபது முப்பது பேருக்கு இருவேளையும் சமைத்துப் போடுவாள். சம்பள நாளில் கணக்குத் தீரும். ஆலைகளின் பேரேடுகளில் அந்தப் பெண்களின் பெயர்கள் இருந்ததில்லை. ஆனால் அவர்களுடைய அடுப்பு எரியாவிட்டால் தறிகள் ஓடியிருக்க மாட்டா. பிரேமா புரவ் 1975இல் அவர்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டலை நிறுவினார். ஆலைகள் சாய்ந்த பிறகும் அந்த அமைப்பு சாயவில்லை. லால்பாகின் முதியவருடைய வீட்டிலும், வேலைநிறுத்தத்தின் இரண்டாம் ஆண்டில் அடுப்பை எரித்தது அவருடைய மனைவி பக்கத்து அலுவலகங்களுக்குக் கட்டிக்கொடுத்த மதிய உணவுதான். அவர் தூக்கமின்றிப் புரண்ட இரவுகளில், அந்த அம்மையார் அதிகாலை நான்கு மணிக்கு எழவேண்டும் என்பதால் நன்றாகத் தூங்கினார்.

"வேலையே இல்லாத உலகம்" என்று பேசுவோர் இவ்விடத்தில் நின்று யோசிக்க வேண்டும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண் அதற்கென நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். அவ்வாறு ஈடுபடும் ஆண் 97 நிமிடம். முதியவரைக் குளிப்பாட்டுவது, நோயாளியின் அருகில் இரவு விழித்திருப்பது, குழந்தையின் பயத்தைப் போக்குவது ஆகிய வேலைகள் எந்தத் தானியக்கத்தாலும் விரைவில் தீரப்போவதில்லை. தீரப்போவது சம்பளம் தரும் வேலைகளே. அவ்வாறாயின், வருங்காலச் சமூகத்தின் பெரும்பணி வேலையை உருவாக்குவதாக இராது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும், கணக்கில் வராத வேலையைக் கண்டு, மதித்து, ஆணும் பெண்ணுமாகப் பகிர்ந்துகொள்வதாகவே இருக்கும். ஆண்களுக்கு ஓய்வும் பெண்களுக்கு அதே அடுப்பும் என்று முடிந்தால், அதைத் தழைத்தல் என்று சொல்ல இயலாது.

பழைய வேலைகளைப் பொன்னாக நினைந்து ஏங்குவதும் பிழையாகும். தார் தீர்ந்ததும் புதுத்தார் இட்டு, நூலின் நுனியை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டிய முறை அன்றைய நெசவுப் பிரிவில் இருந்தது. ஒருவர் வாய்வைத்த நாடாவில் இன்னொருவர் வாய்வைக்க வேண்டும் என்பதையே காரணமாக்கி, கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்களைச் சேர்க்க மறுத்தார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் கேள்வியாக வைத்தார். ஆலையின் வேலை எல்லோருக்கும் ஒரே கண்ணியத்தைத் தந்ததில்லை. சாதி, வேலையின் வாசலில் நின்று ஆளுக்கொரு வழியைக் காட்டியது.

அது இன்றும் வாசலைவிட்டு நகரவில்லை. இயந்திரம் முதலில் எங்கே வரவேண்டும் என்று கேட்டால், கழிவுநீர்க் குழிக்குள் என்று எந்த மனச்சாட்சியும் சொல்லும. மனிதரைக் கழிவகற்ற வைப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. குழிக்குள் இறங்கும் 'பேண்டிகூட்' என்னும் இயந்திரம் 2018இலேயே திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆயினும் நச்சுவாயுவில் மனிதர் மாளும் செய்திகள் நின்றபாடில்லை. கடிதம் எழுதும் இயந்திரம் ஓரிரு ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது; சாக்கடையில் இறங்கும் இயந்திரம் நகருக்கு நகர் தயங்கி நிற்கிறது. இயந்திரம் துன்பம் மிகுந்த இடத்தைத் தேடிப் போவதில்லை, செலவு மிச்சமாகும் இடத்தைத் தேடிப் போகிறது. மனித உயிர் மலிவாகக் கிடைக்கும் இடத்துக்கு அது வரவே வராது. அதை அங்கே வரவழைக்க அரசியல் வேண்டும்.

பணம் கொடுத்தால் மக்கள் மரியென்டாலின் ஆண்களைப்போல் ஆகிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் நம் நாட்டிலேயே ஒரு மறுமொழி உண்டு. 2011 முதல், சேவா அமைப்பு யூனிசெஃப் உதவியுடன் மத்தியப் பிரதேசச் சிற்றூர்கள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு, வயது வந்தோர்க்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைக்கு 100 ரூபாயும், பின்னர் 300 ரூபாயும் 150 ரூபாயும், எந்த நிபந்தனையுமின்றி வழங்கப்பட்டன. சிறு தொகைதான். ஆயினும் உணவு மேம்பட்டது, பள்ளி வருகை கூடியது. மக்கள் வேலை செய்வதை விடவில்லை. பிறர் நிலத்தில் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, தம் நிலத்திலும் தம் ஆடுமாடுகளிடத்தும் கூடுதலாக உழைத்தார்கள். மரியென்டாலில் உழைத்தால் பணம் நிற்கும். இங்கே உழைத்தாலும் பணம் நிற்காது. மனிதரின் இயல்பை முடிவுசெய்ததில் அந்த ஒரு விதிக்குப் பெரும்பங்கு உண்டு. அனைவருக்குமான அடிப்படை வருமானம் 2016-17ஆம் ஆண்டின் இந்தியப் பொருளாதார ஆய்வறிக்கையிலேயே ஒரு தனி இயலாக விவாதிக்கப்பட்டது. இன்று அது அலமாரியில் இருக்கிறது. அது கீழே இறங்கும் நாளில், பள்ளியையும் மருத்துவமனையையும் நியாயவிலைக் கடையையும் பறித்துக்கொண்டு அதற்கு ஈடாகத் தரப்படும் தொகையாக வந்தால், அதுவும் ஏமாற்றே.

இங்கே ஒரு பெருந்தடை உண்டு. அலாஸ்காவின் எண்ணெய் அதன் மண்ணுக்கு அடியில் இருந்தது. பேத்தியின் வேலையை ஏற்ற மென்பொருளின் இலாபம் எங்கோ தொலைவில் குவிகிறது. லால்பாக் எதைக் காட்டிப் பங்கு கேட்கும்? விடை ஆலை நிலத்திலேயே இருக்கிறது. அந்நிலத்தின் மதிப்பு செங்கல்லால் வந்ததன்று. சுற்றிலும் மக்கள் வாழ்ந்து, நகரொன்றை எழுப்பியதால் வந்தது. அவ்வாறே, எழுதும் இயந்திரத்தின் ஆற்றலும் வெற்றிடத்திலிருந்து பிறந்ததன்று. பல தலைமுறைகள் எழுதிக் குவித்த மொழியும், பொதுப்பணத்தில் வளர்ந்த பல்கலைக்கழகங்களின் ஆய்வும், அவளைப்போன்றோர் ஆண்டுக்கணக்கில் திருத்திக் கொடுத்த மறுமொழிகளும் அதன் அடியிலிருக்கும் நிலம். அதில் பொதுப்பங்கு உண்டென்ற விதியை வரியாக எழுதுவதா, நிதியமாக எழுதுவதா, அரசே பங்குதாரராவதா என்பது வாதத்துக்குரியது. எப்போது எழுதுவது என்பதில் வாதமில்லை. இன்னும் மனிதக் கை தேவைப்படும்போதே எழுத வேண்டும். 1991இல் எழுதி 2001இல் அழிக்கத்தக்கதாக அல்லாமல், எளிதில் அழிக்க முடியாத இடத்தில் எழுத வேண்டும்.

பங்கும் வருமானமும் அமைந்த பிறகும் ஒன்று எஞ்சுகிறது. காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம். கிரண்காவில் ஆலைகளுக்கு வெளியேயும் அத்தகைய இடங்கள் இருந்தன: உடற்பயிற்சிக் கூடங்கள், பஜனை மண்டலிகள், கணபதி விழாக் குழுக்கள், தொழிலாளர் நாடக மேடைகள். அமர் ஷேக்கும் அண்ணாபாவ் சாத்தேயும் பாடியது அந்த மக்களின் முன்தான். கவிஞர் நாராயண் சுர்வே வளர்ந்தது ஓர் ஆலைத் தொழிலாளியின் வீட்டில். எட்டு மணி நேரம் தறியில் நின்றவர்கள் இரவில் ஒத்திகைக்குப் போனார்கள். இவை ஆலை நிர்வாகம் கட்டித் தந்தவை அல்ல. ஆயினும் ஆலைகள் சாய்ந்து, மக்கள் புறநகர்களுக்குச் சிதறியபோது இவற்றிலும் பல சாய்ந்தன. எஞ்சியவை எவையோ, அவற்றைப் பற்றிக்கொண்டவர்கள் எஞ்சினார்கள்.

அந்த முதியவர் தூக்கத்தை மீட்டதும் அப்படித்தான். வேலைநிறுத்தத்தின் மூன்றாம் ஆண்டில், தெருமுனை உடற்பயிற்சிக் கூடத்தில் சிறுவர்களுக்கு லேசிம் ஆட்டம் கற்பிக்க ஆள் வேண்டும் என்று ஒருவர் அழைத்தார். சம்பளம் கிடையாது. மாலை ஆறு மணிக்கு இருபது சிறுவர்கள் காத்திருப்பார்கள். அவர் வராவிட்டால் பயிற்சி நடக்காது. அவ்வளவுதான். "நான் போகாவிட்டால் ஏதோ ஒன்று நிற்கும் என்று ஆன பிறகே எனக்குத் தூக்கம் வந்தது" என்று பேத்தியிடம் சொன்னார். இருபத்தெட்டு ஆண்டுகள் கற்பித்தார். அந்தக் கூடம் இருந்த இடத்தில் இப்போது வாகன நிறுத்தம் இருக்கிறது.

இயந்திரங்கள் எல்லாவற்றையும் செய்யவல்ல ஒரு காலத்தில் ஒரு சமூகம் தழைக்கிறதா என்பதை அளக்க, நாட்டின் மொத்த உற்பத்தியைவிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அங்குள்ள ஒருவர் வராவிட்டால், அவருக்காகக் காத்திருக்க எவரேனும் இருக்கிறார்களா? அத்தகைய காத்திருப்புகள் தாமாக உண்டாவதில்லை. அவற்றுக்குக் கூடம் வேண்டும், திடல் வேண்டும், நூலகம் வேண்டும், வாடகைக்கு அஞ்சாத நேரம் வேண்டும். 1991இன் விதி பொதுவெளிக்கென ஒதுக்கிய அந்த மூன்றில் ஒரு பங்கு, உண்மையில் இவற்றுக்கான இடம்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சின் முடிவில் பேத்தி ஒரு செய்தி சொன்னாள். மென்பொருளுக்குக் கற்பிப்பதற்காக, எஞ்சியுள்ள ஐவரும் தாம் எழுதிய பழைய மறுமொழிகளைத் தரம்பிரித்துத் தரவேண்டும் என்று அலுவலகம் கேட்டிருக்கிறது. ஆறு மாத வேலை. அதற்குப் பிறகு என்ன என்பதை எவரும் சொல்லவில்லை. முதியவர் சற்று நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு, "அந்த ஆறு மாதமும் நீங்கள் ஐந்து பேரும் அவர்களுக்கு வேண்டும், இல்லையா?" என்று கேட்டார்.

"ஆமாம், ஆஜோபா."

"அப்படியானால் இப்போதே கேளுங்கள்" என்றார்.